பார்க்கப்படாத கால்சியம்

அந்த அம்மாள் தையல்காரர். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வீட்டு முன்கட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். நாற்பதைத் தாண்டிய வயது. கழுத்தின் முன்பக்கம் பல வருடங்களாக வளர்ந்துவந்த கழலை, சோறு விழுங்கும்போது இடிக்கத் தொடங்கியதும் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு பக்கமும் கட்டிகள் இருந்ததால் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. 2012-ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை அறுவை நடந்தது. புதன்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வலிப்பு வந்து, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கிடந்தார். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 5.8 என்று இருந்தது. 8.5-க்கு மேல் இருக்க வேண்டியது அது. கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தக் குழாய் வழியே மெதுவாக ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள்.

வழக்கறிஞரான என்னிடம் அந்த அம்மாளும் கணவரும் வந்தபோது பல மாதங்கள் கடந்திருந்தன. கணவர்தான் பேசினார். "தொண்டையில தப்பா அறுத்துட்டாங்க சார். அந்த டாக்டரை உள்ள தள்ளணும்" என்றார். அந்த அம்மாள் அதிகம் பேசவில்லை. "கத்திரியைப் பிடிச்சா விரல் அப்படியே பூட்டிக்கிது சார். பிரிச்சு விடறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னார். தினமும் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் தைராய்டு மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு வேளை தவறினாலும் உதட்டைச் சுற்றி மதமதப்பு வந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேலும் இப்படியே நீடித்ததால் இது நிரந்தரக் குறைபாடு என்று அரசு மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

குற்ற வழக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மிகவும் குறுக்கிவிட்டது. மருத்துவர்மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது. பெரும் கவனக்குறைவு வேண்டும். அதையும் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தோடு வைக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஜெயில் பயத்தோடு கத்தியைப் பிடிக்கும் மருத்துவரிடம் யாரும் போய்ப் படுக்க மாட்டோம். இழப்பீட்டுக்கு நுகர்வோர் மன்றம் இருந்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவைதான் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு திறந்த வழி அது. இரண்டு ஆண்டுக் காலவரம்பும் தாண்டவில்லை.

முதல் வேலையாக மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி, சிகிச்சைப் பதிவுகள் அனைத்தின் நகலையும் கேட்கச் சொன்னேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. விதியைக் குறிப்பிட்டு நான் அனுப்பிய நோட்டீசுக்குப் பிறகு கேஸ் ஷீட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவைத் துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றார்; ஆனால் எனக்குப் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார். அந்த வழக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் உருவாயிற்று.

தைராய்டு சுரப்பியின் பின்புறம் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. எடை சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். நிறம் சுற்றியிருக்கும் கொழுப்போடு கலந்துபோகும் மஞ்சள் பழுப்பு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவற்றின் பொறுப்பு. தைராய்டை எடுக்கும்போது இவற்றை விட்டுவைக்க வேண்டும். விட்டுவைத்தால் மட்டும் போதாது, இவற்றுக்கு வரும் நூலிழை போன்ற ரத்தக் குழாய்களையும் காப்பாற்ற வேண்டும். கண்ணெதிரே பத்திரமாக இருக்கும் சுரப்பிகூட ரத்தம் அறுந்தால் சில வாரங்களுக்கு மயங்கிக் கிடக்கும். அதனால்தான் முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கால்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். நூறில் ஓரிருவருக்குத்தான் அது நிரந்தரமாக நிற்கிறது.

கணவர் வைத்திருந்த பெரிய ஆயுதம் பேத்தாலஜி அறிக்கை. எடுத்த தைராய்டோடு ஒரு பாராதைராய்டும் சேர்ந்து வந்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்று அவர் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேராசிரியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "இது தேர்ந்த கைகளிலும் நடக்கும் வக்கீல் சார். சில பேருக்கு அந்தச் சுரப்பி தைராய்டுக்குள்ளேயே புதைஞ்சிருக்கும். ஒண்ணு போனாலும் மிச்ச மூணு தாங்கும். அறுத்த கையைக் குற்றம் சொல்லாதீங்க. புதன்கிழமை என்ன பார்த்தாங்க, என்ன சொல்லி அனுப்பினாங்க, அதைத் தேடுங்க" என்றார்.

கேஸ் ஷீட்டில் அதைத் தேடினேன். அறுவைக்கு முன் கால்சியம் பார்க்கவில்லை. பின்னும் பார்க்கவில்லை. நர்ஸ் சார்ட்டில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், கழுத்துக் குழாயில் வடிந்த அளவு ஆகியவை ஒழுங்காக இருந்தன. உதடு மரக்கிறதா, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா என்று கேட்டதாக ஒரு வரி இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, ஏழு நாள் கழித்து வரவும். கால்சியம் மாத்திரை இல்லை. என்ன அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதும் இல்லை.

அறுவைக்குப் பின் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அதாவது, அந்த அம்மாள் வீட்டுக்குப் போன பிறகுதான் ஆபத்தே ஆரம்பித்தது. வியாழக்கிழமை காலை உதட்டைச் சுற்றி மரத்துப்போயிற்று. மதியம் விரல்கள் இறுகி, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. பயத்தில் வருகிறது என்று வீட்டார் நினைத்தார்கள். கணவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். எடுத்தவர், மயக்க மருந்தின் விளைவாக இருக்கும், இளநீர் கொடுங்கள், குறித்த நாளில் வாருங்கள் என்று சொன்னதாக அவர் வாக்குமூலம். அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனையும் கால்சியம் ஊசியும் கிடைத்திருந்தால் வெள்ளிக்கிழமை விடியலில் அந்த வலிப்பு வந்திருக்காது.

பேராசிரியர் வீட்டிலிருந்து திரும்பியதும் முறையீட்டை மாற்றி எழுதினேன். அறுவை தவறாகச் செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டையே எடுத்துவிட்டேன். அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பிலும், எச்சரித்து அனுப்புவதிலும், சம்மதம் பெற்ற முறையிலும் சேவைக் குறைபாடு என்று மட்டும் நிறுத்தினேன். கணவருக்குக் கோபம். "டாக்டரை விட்டுட்டீங்களே சார்" என்றார். அந்த அம்மாள்தான் அவரை அமர்த்தினார். "எனக்கு அறுத்தது வலிக்கல. அந்த ரெண்டு நாள்தான் சார் வலிச்சது" என்றார்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மருத்துவமனையின் பதில் எதிர்பார்த்தபடியே இருந்தது. இது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட சிக்கல். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது நலமாக இருந்தார். போன் எதுவும் வரவில்லை. அறுவை செய்தவர் அந்த வட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவரை மன்றத்தில் பார்த்தபோது வன்மம் உள்ள மனிதராக எனக்குத் தெரியவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் விசாரணை பெரும்பாலும் வாக்குமூலத் தாள்களிலேயே நடக்கும். குறுக்கு விசாரணைக்குப் பதிலாக எழுத்து வினாக்கள் கொடுத்தேன். எத்தனை பாராதைராய்டைப் பார்த்தீர்கள்? ஆபரேஷன் நோட்டில் உள்ளபடி நான்கையும் பார்த்து, ரத்த ஓட்டத்தோடு காப்பாற்றினேன் என்றார். அப்படியானால் பேத்தாலஜியில் வந்தது எது? சிலருக்கு ஐந்தாவதும் உண்டு என்றார். அது உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் நோட்டே அச்சடித்த படிவம் என்பதை மன்றத்துக்குக் காட்டினேன். பெயரும் தேதியும் மட்டும்தான் கையால் எழுதியவை. நான்கு சுரப்பிகளும் காப்பாற்றப்பட்டன என்ற வரி எல்லா நோயாளிக்கும் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அடுத்த வினா: கால்சியம் ஏன் பார்க்கவில்லை? அறிகுறி எதுவும் இல்லாததால் தேவைப்படவில்லை. கடைசி வினா: அறிகுறி உண்டா என்று நோயாளியைக் கேட்டதற்கான பதிவு கேஸ் ஷீட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதற்குப் பக்க எண் வரவில்லை.

போன் விஷயத்தில், கணவரின் கைபேசி நிறுவனத்திலிருந்து அழைப்பு விவரம் வாங்கித் தாக்கல் செய்தோம். வியாழக்கிழமை மதியம் மருத்துவமனை எண்ணுக்கு அழைப்பு போயிருந்தது. என்ன பேசினார்கள் என்பதை அது சொல்லாது. போன் வரவே இல்லை என்ற வாதம் மட்டும் அதோடு விழுந்தது.

மருத்துவக் கவனக்குறைவை அளக்க நம் நீதிமன்றங்கள் இன்றும் கையாள்வது இங்கிலாந்தில் 1957-ல் வந்த போலம் தீர்ப்பின் அளவுகோல். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாராராவது அப்படிச் செய்வார்கள் என்றால் அது கவனக்குறைவு ஆகாது. இதைக் கேட்டாலே நோயாளி தரப்பு வழக்கறிஞர்கள் சோர்ந்துபோவார்கள். இந்த வழக்கில் அது எனக்குக் கைகொடுத்தது. முழுத் தைராய்டையும் எடுத்த பிறகு கால்சியமும் பார்க்காமல், மாத்திரையும் கொடுக்காமல், அறிகுறியும் சொல்லாமல் இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் ஒரு நூலையோ, ஒரு மருத்துவரையோ காட்டுங்கள் என்று கேட்டேன். மூன்றில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால்கூட அவர்களுக்கு ஆதரவாக நூல் கிடைத்திருக்கும். சிக்கல் அறிந்ததே என்பதற்கு அவர்கள் தாக்கல் செய்திருந்தது, மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பெய்லி அண்ட் லவ் அறுவை நூலின் பக்கங்கள். அறுவைக்குப் பின் சில நாளில் கால்சியம் இறங்கும், அதைக் கவனிக்க வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில் இருந்தது. அதையே என் வாதமாக்கினேன்: அறிந்த ஆபத்து என்றால், அதற்காகக் காத்திருக்க வேண்டிய கடமையும் அறிந்ததே.

இது புதிய அறிவும் இல்லை. சுவீடனில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் பாராதைராய்டைப் பற்றி எழுதியது 1880-ல். அவற்றை இழந்தால் வரும் இழுப்பைக் கால்சியம் தணிக்கும் என்று பால்டிமோரில் மெக்காலமும் ஃபோக்ட்லினும் காட்டியது 1909-ல். அதே ஆண்டுதான் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கருக்குத் தைராய்டு பணிக்காக நோபல் பரிசு கிடைத்தது. கழலை அறுவையில் சாவு விகிதத்தை நூறில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தவர் அவர். எழுத்து வாதத்தில் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அறுவை முடிந்து வீடு திரும்பிய தன் பழைய நோயாளிகளை அவர் மறுபடி வரவழைத்துப் பார்த்தார். முழுத் தைராய்டையும் இழந்தவர்கள் சோர்ந்து, வீங்கி, மந்தமாகிக் கிடந்ததைக் கண்டு, தன் அறுவையின் விளைவு இது என்று 1883-ல் தானே சக மருத்துவர்கள்முன் அறிவித்தார். நோயாளி வாசலைத் தாண்டியதும் பொறுப்பு முடிந்தது என்று அவர் இருந்திருந்தால் அந்த உண்மை வெளிவர இன்னும் காலம் பிடித்திருக்கும்.

மன்றம் கேஸ் ஷீட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. மருத்துவர் குழு எழுதிய பதிலில் இரண்டு பகுதிகள். அறுவை தேவையானதே; ஒரு பாராதைராய்டு சேர்ந்து வந்தது ஏற்றுக்கொள்ளத்தக்க சிக்கல். ஆனால் அறுவைக்குப் பின் கால்சியம் பார்க்காததும் எச்சரிக்கை தராததும் வழக்கமான மருத்துவ நடைமுறைக்கு மாறானவை. அறுவையைக் குற்றம் சாட்டி நாங்கள் போயிருந்தால் முதல் பகுதியோடு வழக்கு முடிந்திருக்கும்.

சம்மதப் படிவத்திலும் மன்றம் கவனம் செலுத்தியது. ஆங்கிலத்தில் அச்சான ஒரு தாள், எல்லாச் சிக்கல்களும் விளக்கப்பட்டன என்று ஒரு வரி, கையெழுத்து கணவருடையது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமேதான் பெற வேண்டும், அதுவும் சிகிச்சையின் தன்மை, மாற்றுவழி, முக்கியமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெற வேண்டும் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தையல் வேலை செய்பவரிடம், விரல்கள் இறுகிப்போகும் ஆபத்து இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அறுவையில் கவனக்குறைவு இல்லை, பின்கவனிப்பில் சேவைக் குறைபாடு உண்டு என்று மன்றம் பிரித்தே எழுதியது. இழப்பீடு நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவு. மருத்துவமனை மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போயிற்று. அங்கே சமரசப் பேச்சு வந்தபோது, தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க அந்த அம்மாள் சம்மதித்தார். பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இனிமேல் அந்த மருத்துவமனையில் தைராய்டு அறுவை செய்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்காட்டி அனுப்ப வேண்டும் என்றார். சமரச மனுவில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். அறுவை செய்த மருத்துவரும் தயங்காமல் கையெழுத்திட்டார். அந்தத் தாளின் முதல் வரைவை அவரே எழுதிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு தைராய்டு அறுவைக்குப் போகிறவர்கள் யாராவது என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னாலும் உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொல்கிறேன். மருத்துவம் சொல்லும் தகுதி எனக்கில்லை. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும் தகுதியை அந்த வழக்கு தந்தது.

முதலில், முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா, ஒரு பக்கம் எடுத்தால் போதாதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மறுபக்கத்துப் பாராதைராய்டுகளும் குரல் நரம்பும் தொடப்படுவதில்லை. முழுவதும் எடுக்க வேண்டியிருந்தால், இந்த அறுவையை அடிக்கடி செய்பவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கைப்பழக்கம் கூடக் கூடச் சிக்கல் குறைகிறது. அறுவைக்கு முன் கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்த்துக் குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு முதலில் மருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். குரல்நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று முன்னதாகவே பார்த்துவைப்பதும் நல்லது.

அறுவை அரங்கில் நடப்பது மருத்துவரின் பொறுப்பு. குரல் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்து ஒதுக்கினால் காயம் குறையும் என்று பாஸ்டனின் ஃபிராங்க் லாஹே 1930-களிலேயே வலியுறுத்தினார். இன்று நரம்பைக் கண்காணிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. எடுத்த தைராய்டை மேசையில் புரட்டிப் பார்த்து, பாராதைராய்டு தவறி வந்திருந்தால் அதைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதியமிடும் முறை உண்டு. அது அங்கே பிழைத்து மீண்டும் வேலை செய்யக்கூடும்.

அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்தில் பெரிய பயம் ரத்தக்கசிவு. நூறில் ஒருவர் அளவில்தான் வரும்; வந்தால் நிமிடங்களில் மூச்சுக்குழல் நெரிபடும். கழுத்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அரங்குக்குக் கொண்டுபோகும்வரை காத்திராமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அது தெரிந்தவர் இரவிலும் வார்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன் கால்சியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் பரிசோதனை. பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் மறைந்துவிடுவதால், அறுவை முடிந்த சில மணி நேரத்தில் அதை அளந்தாலே யாருக்குக் கால்சியம் இறங்கப்போகிறது என்று பெருமளவு கணிக்கலாம். அந்த வசதி இல்லாத ஊரில் முன்னெச்சரிக்கையாகவே கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். எப்படியானாலும், உதடு மரத்தாலோ, விரல் நுனி சுருசுருத்தாலோ, கை இறுகினாலோ ராத்திரி எந்த நேரத்திலும் யாருக்குப் போன் செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எண், ஒரு பெயர், தமிழில் நாலு வரி.

இப்படிக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. எத்தனை தேர்ந்தவர் கையிலும் சிக்கல் வரலாம். வந்ததை வந்த அன்றே பிடிக்கும் ஏற்பாடுதான் நோயாளியையும் காப்பாற்றுகிறது, நாளைக்கு மன்றப் படியேறும் நிலை வந்தால் மருத்துவரையும் காப்பாற்றுகிறது. அந்த ஏற்பாடு இருக்கும் மருத்துவமனைமீது வழக்குப் போடச் சொல்லி யாராவது வந்தால் நான் வாங்க மாட்டேன். இல்லாத இடத்துக்கு எதிராக வந்தால், இன்றைக்கும் முதல் ஆளாக வாங்குவேன்.